ஓலு வேரில் இருந்தவை

ஹபீலாவுக்கு அது இரண்டாவது நிக்காஹ். முதல் கணவர் சாலி, ரம்புக்கனையில் துணிக்கடை வைத்திருந்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் ஆண்டின் தொடக்கத்தில், கேகாலைப் பக்கம் வீட்டுக்கு வீடு மலேரியாக் காய்ச்சலில் ஆட்கள் விழுந்துகொண்டிருந்த நாட்களில் அவரும் விழுந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. ஹபீலா கைம்பெண்ணுக்கான இத்தா காலத்தை இருந்து முடித்து, இரத்தினபுரியில் உம்மா வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தாள். அதன் பிறகுதான் அவளுடைய நானா, மூத்த சகோதரர் அஸீஸ் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார்.

மாப்பிள்ளையின் பெயர் முஹ்ஸின். யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் வேலை. தண்ணீர் தேங்கிய இடமெல்லாம் தேடிப்போய் எண்ணெய் தெளிக்கவேண்டும், அதுதான் அவருக்கு வேலை. நுளம்புக் குஞ்சுகள், அதாவது கொசுப் புழுக்கள், மூச்சு வாங்கத் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்தாகவேண்டும். அங்கே எண்ணெய் படர்ந்திருந்தால் மூச்சடைத்துச் செத்துவிடும். அந்தக் கொள்ளைக் காய்ச்சலுக்குப் பிறகு சில தோட்டங்களில் இதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஆட்கள் அவரை ‘எண்ணெ ஐயா’ என்றார்கள். தங்கைமார் எல்லோரையும் கட்டிக்கொடுத்து முடிக்கும்வரை தன் கல்யாணத்தைப் பற்றி நினைக்காமலே இருந்தவர், நாற்பதை நெருங்கிவிட்டார்.

“காய்ச்சலோட சண்டை பிடிக்கிற ஆள். ஒனக்கு இதைவிட நல்லதா எங்க தேடுற?” என்றார் அஸீஸ்.

ஹபீலா சம்மதித்ததற்கு அந்த ஒரு பேச்சுதான் காரணம்.

தோட்டத்து வீட்டில் வந்து இறங்கிய அன்றே அவள் குளத்தைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்குக் கீழே றப்பர் மரங்கள் முடிகிற இடத்தில், தொழிற்சாலை கட்டும்போது செங்கல்லுக்கு மண் வெட்டிய பள்ளம் அது. மழைத் தண்ணீர் நின்று குளமாகிவிட்டது. அதில் ஓலு பிடித்திருந்தது. வெள்ளை அல்லிதான், ஆனால் அந்தப் பக்கத்தில் சிங்களவர் சொல்கிற பெயரையே எல்லோரும் சொன்னார்கள். இலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தண்ணீரை மூடிக் கிடந்தன. கண்டவர்கள் அழகான குளம் என்றுதான் சொல்வார்கள். ஹபீலா ஜன்னலைச் சாத்தினாள்.

முஹ்ஸின் மறுநாள் பஸாருக்குப் போய் இன்னொரு நுளம்பு வலை வாங்கிவந்து, ஏற்கனவே இருந்த வலைக்கு மேலே அதையும் கட்டினார். இரட்டை வலைக்குள் காற்றே இல்லை. அவர் விசிறியை எடுத்து அவள் பக்கமாக விசிறினார். அவள் கண்ணை மூடிக்கொண்ட பிறகும் விசிறிக்கொண்டே இருந்தார்.

இருவருக்கும் பேச்சு குறைவு. சோறு வேண்டுமா, தண்ணீர் சுட்டதா என்பதோடு முடிந்துவிடும். சாலியைப் பற்றி அவர் கேட்கவில்லை; அவளும் சொல்லவில்லை. அவளாகக் கேட்ட முதல் கேள்வி எண்ணெயைப் பற்றியது.

“அதைப் போட்டா எல்லாம் செத்துப் போகுமா?”

அவர் எழுந்து வெளியே போனார். தண்ணீர் விழும் பீலிக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு சிரட்டையில் இருந்த தண்ணீரைப் பீங்கான் தட்டில் ஊற்றிக்கொண்டு வந்தார். நூல் துண்டுகளைப் போல நுளம்புக் குஞ்சுகள் அதில் நெளிந்தன. ஒரு குச்சியால் எண்ணெயைத் தொட்டு ஒரு சொட்டு விட்டார். ஹபீலா குனிந்து, கடைசிக் குஞ்சின் அசைவு நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பின்னேரம் ஜன்னல் ஒன்றைத் திறந்து வைத்தாள்.

மருதாயி என்ற றப்பர் பால்வெட்டுக்காரி வேலை முடிந்து போகும்போது அந்தக் குளத்தில் ஓலுத் தண்டும் கிழங்கும் பிடுங்குவாள். லயத்தில் அது கறிக்கு ஆகும். புதிதாக வந்த அம்மாவுக்குக் கொஞ்சம் கொடுப்போமென்று ஒருநாள் ஒரு பிடி தண்டும், வேரோடு ஒரு கிழங்கும் கொண்டுவந்து குசினிப் படியில் வைத்தாள்.

“தோலச் சீவிட்டு அவிச்சிங்கன்னா மாவா இருக்கும்மா. எண்ணெ வாடை அடிக்கும், ரெண்டு தண்ணியில அலசிருங்க. ஐயா நேத்துத்தான் ஊத்தியிருக்காரு, கையெல்லாம் பிசுபிசுங்குது.”

அவள் போன பிறகு ஹபீலா கிழங்கைக் கழுவ எடுத்தாள். சேறு கரைந்து போனதும் வேர்களில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அரிசி மணி என்று நினைத்து விரலால் தட்டினாள். அது வளைந்தது. கொழுத்த வெள்ளைப் புழு. ஒன்றல்ல, வேர் நெடுகிலும் இருந்தன. சில அரிசியளவு, சில அதைவிடப் பெரிது. எல்லாமே பின்பக்கத்தால் வேரைப் பிடித்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் உயிர் இருந்தது.

முஹ்ஸின் வேலையால் வந்தபோது அவள் முற்றத்தில் நின்றிருந்தாள். குசினிக்குள் போகவில்லை, அடுப்பும் மூட்டவில்லை.

“எண்ணெய் ஊத்தின குளத்தில இருந்து வந்தது. எல்லாம் உசிரோட இருக்கு,” என்றாள்.

அவர் போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது.

“நுளம்பா?” என்று கேட்டாள்.

“தெரியல்ல.”

“தெரியல்ல எண்டா?”

அவர் படியில் உட்கார்ந்தார். “ஆகாயத்தாமரை எண்டு ஒரு செடி இருக்கு, தண்ணில மிதக்கும். அதுட வேரைக் குத்திப் பிடிச்சு, வேருக்குள்ள இருக்கிற காத்தை உறிஞ்சுற நுளம்புக் குஞ்சு ஒரு சாதி இருக்கு எண்டு கொழும்பில சொல்லித் தந்தாங்க. அது மேல வரத் தேவையில்ல. எண்ணெய் அதை ஒண்டும் செய்யாது. நான் அதைக் கண்ணால கண்டதில்ல. இது அதுவா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.”

ஒன்றுமில்லை, சும்மா புழு என்று அவர் சொல்லியிருக்கலாம். சாலி காய்ச்சலில் கிடந்தபோது வந்தவர்கள் எல்லோரும், நாளைக்கு எழும்பிருவார் என்றுதான் சொன்னார்கள். ஹபீலா அதை நினைத்தாள். நினைத்தாலும் பயம் குறையவில்லை.

“என்னை உம்மாட வீட்டுக்கு அனுப்பி வைங்க,” என்றாள்.

முஹ்ஸின் தன் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு எண்ணெய்.

“சரி. பஸ்காரரிட்ட அஸீஸ் நானாவுக்குச் சொல்லி அனுப்புறேன், வந்து கூட்டிட்டுப் போகட்டும். அவர் வாற வரைக்கும் இதைப் போத்தலில போட்டு வைப்போம். வளர்ந்து என்ன வருது எண்டு பாப்போம். நுளம்பு எண்டா தொரைட்டச் சொல்லி அந்தக் குளத்தையே மூட வைக்கிறேன். நீங்க இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி.”

“வீட்டுக்குள்ள வேணாம்.”

“வெளியதான்.”

வாய் அகன்ற ஊறுகாய்ப் போத்தல் ஒன்றில் சேறும் தண்ணீரும் போட்டு, வேரோடு கிழங்கை இறக்கி, வலைத்துணியால் வாயை இறுக்கிக் கட்டினார். குசினிக்கு வெளியே, கூரை இறவாணத்துக்குக் கீழே ஒரு கல்லின் மேல் அதை வைத்தார்.

முதலில் ஹபீலா அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு, போத்தலைக் கட்டிய துணி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கப் போனாள். பிறகு வேறொன்றையும் பார்க்கத் தொடங்கினாள். அவளுடைய வாப்பா இரத்தினக்கல் வியாபாரி. மவுத்தாகும்வரை இரத்தினபுரியில் கல் வாங்கி விற்றவர். கல்லுக்குள் இருக்கும் கீறலைப் பார்க்க அவர் வைத்திருந்த சின்ன லென்ஸ் ஹபீலாவின் பெட்டியில் கிடந்தது. வாப்பா உயிரோடு இருந்த காலத்தில் பிள்ளைகளில் அவளைத்தான் கூப்பிட்டு, “இதில என்ன நிறம் தெரியுது, சொல்லு,” என்று கேட்பார். அவள் சொன்னதைக் கேட்டு வாங்கிய கற்களும் உண்டு. அந்த லென்ஸை எடுத்துவந்து போத்தலின் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாள்.

அன்று முஹ்ஸின் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள்:

“அண்டைக்குத் தட்டில காட்டினீங்களே, அந்தக் குஞ்சுகளுக்குக் கால் இருந்திச்சா?”

“நுளம்புக் குஞ்சுக்குக் கால் இல்ல.”

“இதுக்கு இருக்கு.”

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

“தலைக்குக் கிட்ட. இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு. சின்னக் கால். வால் பக்கத்தில முள்ளு மாதிரி ரெண்டு, கபில நிறம். அதைத்தான் வேருக்குள்ள குத்தி வச்சிருக்கு.”

அவர் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனார். அவள் பின்னால் போய் லென்ஸைக் கொடுத்தாள். அவருக்கு அதைக் கண்ணோடு ஒட்டி வைக்கத் தெரியவில்லை. தூரப் பிடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்கினார். அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தாள். அப்படித் தொட்டது இருவருக்குமே தெரிந்தது. இருவரும் அசையாமல் நின்றார்கள்.

“ஓம், கால் இருக்கு. நான் பாத்திருக்கணும். பயத்தில பாக்கல்ல,” என்றார் அவர்.

“நீங்களும் பயந்தீங்களா?”

“நான் ஊத்தின எண்ணெய் வேலை செய்யல்ல எண்டா பின்ன பயமில்லாம இருக்குமா?”

அப்படியென்றால் இது என்ன என்று இருவருக்கும் தெரியவில்லை. ஹபீலா ஒரு புழுவைக் குச்சியால் வேரிலிருந்து கழற்றிப் பார்த்தாள். முள் வெளியே வந்த இடத்திலிருந்து ஒரு குமிழி எழும்பி மேலே போனது. கழன்ற புழு சேற்றில் விழுந்து சுருண்டு கிடந்தது. அது செத்துப்போகும் என்று நினைத்தாள். அடுத்த நாள் பார்த்தால் வேறொரு வேரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை முஹ்ஸினிடம் சொன்னபோது அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அவர் அதைக் கவனித்தும் காட்டிக்கொள்ளவில்லை. பயம் முழுதாகப் போனதென்று சொல்லமுடியாது. “கால் இருந்தா மட்டும் கடிக்காதா?” என்று ஒருநாள் கேட்டாள். ஜன்னல்களும் மறுபடி மூடித்தான் இருந்தன. அஸீஸ் பெருநாள் வியாபாரம் முடிய வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அவர் வருவதற்கு முன்பே முஹ்ஸினுக்குக் காய்ச்சல் வந்தது.

முற்பகலில் வேலையிலிருந்து பாதியில் திரும்பி வந்து, குளிருகிறது என்று படுத்தார். ஹபீலா சாக்கும் போர்வையும் தன் சேலைகளும் எடுத்து மூடினாள். அப்படியும் பல் கிட்டியது. கட்டில் சட்டம் சுவரில் இடித்துச் சத்தம் போட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். ரம்புக்கனை வீட்டில் கேட்ட அதே சத்தம்.

தோட்டத்து டிஸ்பென்சர் இராமசாமி வந்து நாடி பார்த்தார், கொய்னா மருந்து கொடுத்தார்.

“இது பழைய காய்ச்சல்ங்கம்மா. கொள்ளையில கேகால பக்கம் வேல செஞ்சாரில்ல, அப்பப் புடிச்சது. ஒடம்புக்குள்ளயே கெடந்து திரும்ப வருது. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். மருந்த விடாமக் குடுங்க, நின்னுரும்,” என்றார்.

அவள் தலையாட்டினாள். ஆனால் எதுவும் காதில் ஏறவில்லை. இராமசாமி போனதும் முஹ்ஸினின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர் விட்டு உடம்பு கொதிக்கத் தொடங்கியிருந்தது. ஈரத்துணியைப் போட்டுவிட்டு, குசினியிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இறவாணத்துக் கல்லில் போத்தல் இருந்தது. அதை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே குளத்துக்கு இறங்கினாள்.

அந்த வீட்டுக்கு வந்த பிறகு குளத்தின் கரைக்கு அவள் ஒருநாளும் போனதில்லை. இப்போது சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் காலை வைத்தாள். கைக்கு அகப்பட்ட தண்டுகளையெல்லாம் வெட்டினாள். வெட்ட முடியாதவற்றைப் பிடித்து இழுத்தாள். கிழங்கு சேற்றிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும்போது குளம் கலங்கியது. இழுத்ததையெல்லாம் கரையில் எறிந்தாள். தண்ணீர் முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்தது.

மருதாயி பால் வாளியோடு வந்தவள், மேலே பாதையில் நின்று பார்த்தாள். வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கீழே வந்தாள்.

“அம்மா, அது எங்க கறிங்க.”

ஹபீலா திரும்பவில்லை.

“நடுவுல ஆழங்க. ஆளு மூழ்கிரும். இங்கிட்டு வாங்க.”

“ஐயாவுக்குக் காய்ச்சல். இந்த வேரில இருக்கிறது எல்லாத்தையும் எடுக்கணும்,” என்றாள் ஹபீலா. அவள் முகம் முழுக்கக் கண்ணீரும் சேறும்.

மருதாயி சேலையைச் செருகிக்கொண்டாள். தண்ணீரில் இறங்கி அவளுக்கும் ஆழத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, தானும் இழுத்தாள். இரண்டு பேருமாக இழுத்ததில் கரையில் குவியல் ஏறியது. கடைசியில் ஹபீலாவின் கை ஓய்ந்தது. மருதாயி அவளைக் கையைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்து, குவியலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

உட்கார்ந்த இடத்தில்தான் ஹபீலா அதைக் கண்டாள். கிழங்கோடு ஒட்டிய வேர்களில் புழுக்களுக்கு நடுவே கபில நிறத்தில் கூடுகள் இருந்தன. புளியங்கொட்டையைவிடச் சின்னது, பசை வைத்து ஒட்டியதுபோல இறுக்கமாக இருந்தது. முட்டையாக இருக்கும், இன்னும் பெருகப் போகிறது என்று நினைத்தாள். சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி ஒன்றைக் கீறினாள்.

உள்ளே தண்ணீர் இல்லை. சேற்றுக்கடியில், குளத்தின் அடியில் கிடந்த கூடு உள்ளே காய்ந்த காகிதம்போல உலர்ந்து இருந்தது. அதற்குள் ஒரு வண்டு கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தது. ஊசி பட்டதும் மெல்ல ஒரு காலை நீட்டியது.

“அட, இதுவா?” என்றாள் மருதாயி, எட்டிப் பார்த்து. “இது எல மேல உக்காந்திருக்குமே. வெயில் வந்தா மினுமினுங்கும். எங்க புள்ளைக பவுன் பூச்சின்னு சொல்லுங்க. கிட்டப் போனாப் பறந்திரும்.”

“இதுதான் அதுவா? நல்லாத் தெரியுமா?”

“இந்தா, அந்த எலயில பாருங்க.”

பிடுங்காமல் விட்ட பக்கத்தில், ஒரு இலையின் மேல் இரண்டு வண்டுகள் இருந்தன. மருதாயி உள்ளங்கையைக் குவித்து, பின்னால் இருந்து மெதுவாக மூடி ஒன்றைப் பிடித்தாள். லென்ஸ் வீட்டில் இருந்தது. அது இல்லாமலே ஹபீலா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வாப்பா இரண்டு கற்களை உள்ளங்கையில் போட்டு, ஒரே இனமா வேறா என்று கேட்பதுபோல அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். ஒடுங்கிய நீள உடம்பு, இரண்டுக்கும் ஒன்றே. நூலைப்போல நீண்ட மீசை. முதுகில் வரிவரியாக ஊசிக்குத்துப் போன்ற புள்ளிகள். பின்னங்காலின் தொடை தடித்து, அதன் கீழே ஒரு பல். நிறம் மட்டும் நிற்கவில்லை: பச்சை என்றால் செம்பாகியது, செம்பு என்றால் ஊதாவானது. ஆனால் இரண்டையும் ஒரே பக்கம் திருப்பினால் இரண்டும் ஒரேமாதிரி மாறின.

மருதாயி பிடித்த வண்டைத் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்தாள். அதன் வயிறு வெள்ளிப் பூச்சுப் போல மின்னியது. வெளியே வந்தபோது ஒரு சொட்டுக்கூட ஒட்டியிருக்கவில்லை. அது உட்கார்ந்திருந்த இலையில் வட்டமாக ஒரு ஓட்டை. ஹபீலா அந்த இலையைப் புரட்டினாள். ஓட்டையைச் சுற்றி, இலையின் அடியில், வெள்ளையாகச் சின்னஞ்சிறு முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. மேலே இருந்துகொண்டே ஓட்டைக்குள்ளால் வாலை விட்டு வைத்திருக்கவேண்டும். முட்டை இலைக்கடியில், புழு வேரில், கூடு வேரில், வண்டு இலைமேல். அவளுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது.

“இது ஆளைக் கடிக்குமா?” என்று கேட்டாள்.

“எலயத்தான் கடிக்கும். எம் புள்ள ஒருநா வாயில போட்டுக்கிச்சு, அதுக்குக்கூட ஒண்ணும் ஆவல.”

ஹபீலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மருதாயி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு குவியலிலிருந்து நல்ல தண்டுகளாகப் பொறுக்கிக் கட்டத் தொடங்கினாள். அது வீணாகப் போவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஹபீலா வீட்டுக்கு வந்தபோது முஹ்ஸினுக்கு வேர்த்துக் காய்ச்சல் இறங்கியிருந்தது. ஈரச் சேலையோடு, தலையெல்லாம் பாசியோடு வந்து நின்றவளைப் பார்த்து அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

“படுங்க,” என்று சொல்லிக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். “இதுதான் அந்தப் புழு. வளர்ந்து இதுதான் ஆகுது. நுளம்பில்ல.”

அவர் வண்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“நீங்க குளத்துக்குள்ள இறங்கினீங்களா?”

“ஓலுவெல்லாம் பிடுங்கிட்டேன். பாதிக் குளம் போச்சு.”

அவர் சிரிக்க முயன்றார், அதற்குத் தெம்பில்லை. அவள் அவர் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, அவர் கேட்காமலே, சொல்லத் தொடங்கினாள்.

“ரம்புக்கனையில எங்கட குசினிக்குப் பின்னால பெரிய பானை ஒண்டு இருந்திச்சு. மழைத்தண்ணி பிடிக்கிறது. மூடி உடைஞ்சு போச்சு. மூடு மூடு எண்டு அவர் சொல்லிட்டே இருந்தார். நான் நாளைக்கு நாளைக்கு எண்டு விட்டுட்டேன். அவர் மையித்தா ஆன பிறகு கை கழுவப் போனேன். பானை முழுக்கக் குஞ்சு. நெளிஞ்சிட்டு இருந்திச்சு. நான்தான் அதை வளர்த்திருக்கேன். உம்மாட்டயும் சொல்லல்ல. ஒருத்தரிட்டயும் சொல்லல்ல.”

முஹ்ஸின் அவள் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். அவள் கையிலிருந்த துணியைத் தான் வாங்கிப் பக்கத்தில் வைத்தார்.

“எனக்கு ஒண்டு சொல்லுங்க. யோசிச்சுச் சொல்லுங்க. அந்தக் குஞ்செல்லாம் தண்ணில எப்படி இருந்திச்சு? வால் மேல, தலை கீழ, சரிஞ்சு தொங்கின மாதிரியா? இல்லாட்டி தண்ணிக்கு மேல பாய் விரிச்ச மாதிரிப் படுத்துக் கிடந்ததா?”

ஹபீலா கண்ணை மூடினாள். ஒன்றரை வருஷத்துக்கு மேலாகப் பார்க்கக்கூடாது என்று விலக்கி வைத்திருந்ததை இப்போது பார்த்தாள்.

“தொங்கிச்சு. தலைகீழாத்தான் தொங்கிச்சு.”

“அப்ப அது காய்ச்சல் நுளம்பில்ல. தொங்குறது வீட்டு நுளம்பு. கடிக்கும், சொறியும், மலேரியா தராது. காய்ச்சல் தாறது தண்ணி மேல படுத்துத்தான் கிடக்கும். அது பானையைத் தேடிக் குசினிக்கு வந்ததில்ல. அந்த வருஷம் மழை இல்லாம ஆறு வத்திச்சே, மணலில குழிகுழியாத் தண்ணி நிண்டிச்சே, அங்க பிறந்தது. நான் அந்தக் குழியெல்லாம் எண்ணெய் ஊத்தி நடந்தவன். ஊத்தி முடிக்க ஏலாமப் போச்சு. அவ்வளவு குழி.”

“எனக்காகச் சொல்றீங்களா?”

“அண்டைக்கு வேரில இருந்ததைப் பாத்து, தெரியல்ல எண்டு சொன்னேனே. அப்ப ஒங்களுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நீங்க போகாம இருந்திருப்பீங்க.” மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: “இது தெரியும். அதனால சொல்றேன்.”

ஹபீலா அவருடைய கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அந்தக் கையில் எண்ணெய் வாடை அடித்தது. வண்டு போர்வையின் மேல் ஏறி, மடிப்புகளைக் கடந்து ஜன்னல் பக்கம் நடந்தது. ஜன்னல் மூடியிருந்தது. அவள் எழுந்து திறந்துவிட்டாள்.

காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் வேகம் குறைந்து, கடைசியில் நின்றது. கொய்னாவின் கசப்புக்கு அவள் வெல்லத்தைத் துண்டு துண்டாக உடைத்து வைத்துக் கொடுத்தாள். நடுக்கம் வந்தபோதெல்லாம் கட்டில் சுவரில் இடிக்காமலிருக்க அதன் காலைத் தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அஸீஸ் வந்து சேர்ந்தபோது முஹ்ஸின் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்து போயிருந்தார். அஸீஸ் அவரையும் தங்கையையும் மாறிமாறிப் பார்த்தார். சாப்பாடு முடிந்து வெற்றிலையும் போட்டான பிறகு, “பெட்டியெல்லாம் கட்டியாச்சா?” என்று கேட்டார்.

“நான் வரல்ல நானா,” என்றாள் ஹபீலா.

“ஆள் அனுப்பினது நீதானே?”

“அப்ப அனுப்பினேன். இப்ப வரல்ல. இவருக்கு உடம்பு தேறினதும் ரெண்டு பேரும் வாறோம் எண்டு உம்மாட்டச் சொல்லுங்க.”

அஸீஸ் முஹ்ஸினைப் பார்த்தார். முஹ்ஸினுக்கும் அது அப்போதுதான் தெரியும். அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

மழைக்குப் பிறகு வெறுமையாய்க் கிடந்த பாதிக் குளத்திலும் ஓலு மறுபடி இலைவிட்டது. கறி குறைந்துபோனதைப் பற்றி மருதாயி இரண்டொரு தடவை குறைப்பட்டுக்கொண்டாள். முஹ்ஸின் முன்போலவே எண்ணெய் டின்னைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். சில நாட்களில் ஹபீலாவும் கூடப் போனாள். தோட்டத்து ஆட்கள் முதலில் அதிசயமாகப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டது.

அப்படிப் போன ஒருநாள், தோட்டத்தின் மறுபுறம் ஒரு கைவிட்ட வயலில் தேங்கிய தண்ணீரைக் கண்டார்கள். அதிலும் ஓலு இருந்தது. இலைகளில் ஓட்டையும் இருந்தது. ஆனால் வட்டமாக இல்லை. கோணல்மாணலாக, வாய்க்கால் வெட்டியதுபோல அரித்திருந்தது. ஹபீலா வரப்பில் குந்தி ஒரு இலையைக் கைக்கெட்டும் தூரம் இழுத்தாள். அதில் சின்னதாக ஒரு வண்டு. மினுக்கமே இல்லாத மங்கின கபில நிறம். பக்கத்திலேயே கறுப்பாகப் புழுக்களும் இலைமேல் மேய்ந்துகொண்டிருந்தன.

முஹ்ஸின் எண்ணெய்க் குழாயைத் திறக்கப் போனவர் கையை நிறுத்தினார். “என்ன, அதுவா?”

“அது இல்ல,” என்றாள் அவள், லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமல். “பின்னங்காலில பல் இல்ல. உடம்பும் கட்டை. இதுட புழு தண்ணிக்குள்ள போகவே இல்ல, தாயோட மேலயே இருக்கு. கொஞ்சம் இருங்க, அடியில முட்டை இருக்கா எண்டு பாக்கிறேன்.”

அவர் டின்னைத் தோளிலிருந்து இறக்கி வரப்பில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.